மேட்டூர் தண்ணி ஜிஹெச் 7, போர் தண்ணி ஜிஹெச் 28: இதுல எந்த மீன் வைக்கலாம்?

அம்மாபேட்டை_மூணடி:

வணக்கம். சேலம் டவுன். தொட்டி 36க்கு 15க்கு 18 இன்ச், கல்லு மணல் போக 140 லிட்டர் நிக்கும். வீட்ல ரெண்டு தண்ணி. மேட்டூர் தண்ணி விடுற அன்னிக்கு வீட்டுத் தரைக்கு அடியில இருக்கிற சம்ப்ல பிடிச்சுக்குவோம், பத்தலைன்னா அதே சம்ப்ல போர் தண்ணிய விட்டுக்குவோம். தொட்டிக்கு சம்ப்ல இருந்துதான் எடுக்கிறது, தோராயமா பாதிக்குப் பாதி. ஆவியாகிக் குறையுறதுக்கு மாடி டேங்க்ல இருந்து தினமும் ஒரு லிட்டர் போர் தண்ணி. கடைசியா தண்ணி மாத்தி மூணு வாரம் ஆச்சு.

சொட்டு டெஸ்ட் கிட்டுலயும் மீட்டர்லயும் பார்த்த அளவு (ஜிஹெச்னா மொத்தக் கடினத்தன்மை, கேஹெச்னா கார்பனேட் கடினத்தன்மை, ரெண்டும் டிகிரியில; டிடிஎஸ்னா கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு, அதுவும் நைட்ரேட்டும் பிபிஎம்ல, அதாவது லிட்டருக்கு மில்லிகிராம்):

மேட்டூர் தண்ணி: ஜிஹெச் 7, கேஹெச் 6, டிடிஎஸ் 260, பிஹெச் 7.8
போர் தண்ணி: ஜிஹெச் 28, கேஹெச் 17, டிடிஎஸ் 1150, குழாய்ல பிடிச்ச உடனே பிஹெச் 7.4
தொட்டி: ஜிஹெச் 22, கேஹெச் 10, டிடிஎஸ் 890, பிஹெச் 8.2, நைட்ரேட் 40, அம்மோனியா 0, வெப்பநிலை 28

கப்பி குட்டி போட்டுக்கிட்டு நல்லாவே இருக்கு. நியான் டெட்ரா 15 விட்டேன், பத்து நாள்ல 4 தான் மிச்சம். உடம்புல புள்ளி, பூஞ்சை எதுவும் தெரியல, நிறம் மங்கி ஓரமா நின்னு போயிடுது. அடுத்து ஏஞ்சல் ஒரு ஜோடி வாங்கலாம்னு இருக்கேன். கடையில பிஹெச் டவுன் ஊத்தச் சொல்றாங்க. அதை ஊத்தினா இந்தத் தண்ணி டெட்ராவுக்கு சரியாகுமா? இன்னொண்ணு, தொட்டிக்குள்ள அலங்காரத்துக்கு மாமாங்கம் பக்கம் கிடைச்ச வெள்ளைக்கல் நாலஞ்சு வெச்சிருக்கேன். வினிகர் ஊத்திப் பார்த்தேன், நுரைக்கல. அதனால பயமில்லைதானே?

சொட்டுக்கணக்கு:

அளவு எல்லாம் எடுத்துப் போட்டதுக்கு நன்றிங்க. பாதிப் பேர் டிடிஎஸ் மட்டும் சொல்லிட்டு மீன் கேப்பாங்க.

முதல்ல உங்க தொட்டியில என்ன நடந்திருக்குன்னு கணக்குப் போடலாம். ரெண்டு தண்ணியும் பாதிக்குப் பாதின்னா ஜிஹெச் 17.5, கேஹெச் 11.5, டிடிஎஸ் 705 வரணும். தொட்டியில 22, 10, 890 இருக்கு. ஜிஹெச்சும் டிடிஎஸ்ஸும் ஏறினதுக்குக் காரணம் நீங்க தினம் ஊத்துற அந்த ஒரு லிட்டர். ஆவியாகிப் போறது வெறும் தண்ணி, உப்பு தொட்டியிலேயே தங்கிடும். அந்த இடத்துல ஜிஹெச் 28 தண்ணிய ஊத்தினா உப்பு மேல உப்பு சேரும். 140 லிட்டர்ல 4.5 டிகிரி ஏறணும்னா 22 லிட்டர் போர் தண்ணி போயிருக்கணும். மூணு வாரத்துக்கு தினம் ஒரு லிட்டர்னா சரியா அங்கதான் வந்து நிக்குது. டிடிஎஸ் கணக்கும் அதேதான்.

அப்போ கேஹெச் மட்டும் ஏன் குறைஞ்சது? ஃபில்டர்ல இருக்கிற பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்தும்போது கேஹெச்சைத் தின்னும். நைட்ரேட் 11 பிபிஎம் ஏறினா கேஹெச் கிட்டத்தட்ட 1 டிகிரி இறங்கும். உங்க நைட்ரேட் 40, அதாவது மூணரை டிகிரி போல போயிருக்கு. போர் தண்ணி ஏத்தி விட்டது, பாக்டீரியா இறக்கி விட்டது, மிச்சம் 10. உங்க டெஸ்ட் கிட் நல்லாத்தான் வேலை செய்யுதுங்க.

ஜிஹெச்ங்கிறது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கணக்கு. மீனோட உடம்புக்கும் முட்டைக்கும் பெரும்பாலும் இதுதான் பொருட்டு. கேஹெச்ங்கிறது பைகார்பனேட்டு, பிஹெச்சைப் பிடிச்சு நிறுத்துறது இதுதான். பிஹெச் டவுன்ல இருக்கிறது ஆசிட், பெரும்பாலும் பாஸ்பாரிக் ஆசிட். ஊத்தின உடனே பிஹெச் 7க்கு இறங்கும், கேஹெச் 10 இருக்கிற தண்ணியில அடுத்த நாளே பழையபடி 8க்கு ஏறிடும். மறுபடி ஊத்துவீங்க. மீனுக்குத் தினமும் ஏற்றமும் இறக்கமும், கண்ணாடிக்குப் பாசி, ஜிஹெச் அதே 22. காசு மிச்சம் பண்ணுங்க. பாதாம் இலையும் இந்தத் தண்ணியில பிஹெச்சை அசைக்காது. கறை நிறம் வரும், மீனுக்கு நல்லதுதான், ஆனா கடினத்தன்மை குறையும்னு நம்பிப் போடாதீங்க.

போர் தண்ணி குழாயில 7.4 காட்டுறதை நம்பாதீங்க. நிலத்தடித் தண்ணியில கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கும். ஒரு பக்கெட்ல பிடிச்சு, காத்துக் குமிழி விடுற ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் கழிச்சுப் பாருங்க, கேஹெச் 17க்கு 8.2க்கு மேல போய் நிக்கும். அதுதான் அந்தத் தண்ணியோட உண்மையான பிஹெச். 28 டிகிரி வெப்பத்துல பிஹெச் 8.2ன்னா டெஸ்ட்ல தெரியிற மொத்த அம்மோனியாவுல பத்துல ஒரு பங்கு விஷ வடிவத்துல இருக்கும். பிஹெச் 7ல அது 100க்கு ஒண்ணு கூட இல்ல. அதனால போர் தண்ணித் தொட்டியில தீனி அதிகமாப் போட்டு ஃபில்டர் தடுமாறினா அடி பலமா விழும்.

இப்ப மீனுக்கு வருவோம். நீங்க முடிவு பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: எந்தத் தண்ணிய வாராவாரம் தவறாமத் தொட்டிக்குக் கொடுக்க முடியும்? சம்ப் தண்ணி இந்த வாரம் ஜிஹெச் 9, அடுத்த வாரம் 24ன்னு ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஏத்த மீன்னு ஒண்ணு கிடையாது. மேட்டூர் தண்ணி மட்டும்னு முடிவு பண்ணுங்க, இல்ல போர் மட்டும்னு முடிவு பண்ணுங்க.

போர் மட்டும்னா மொல்லி, ஸ்வார்டெயில், பிளாட்டி, கப்பி எல்லாம் ராஜா மாதிரி இருக்கும். மொல்லியெல்லாம் தண்ணி ரொம்ப மென்மையாப் போனாதான் சீக்கு, உடம்பை ஆட்டிக்கிட்டே ஒரே இடத்துல நிக்கும். பெரிய தொட்டின்னா போசமானி ரெயின்போ. தனித் தொட்டின்னா கோல்டுஃபிஷ், இல்ல ஃப்ளவர்ஹார்ன் ஒண்ணே ஒண்ணு. ஆப்பிரிக்க சிக்லிட்டும் வைக்கலாம். மலாவி ஏரித் தண்ணி ரொம்பக் கடினம்னு எல்லாரும் எழுதுவாங்க, உண்மையில அந்த ஏரியோட ஜிஹெச் 4லருந்து 6க்குள்ளதான், கேஹெச்தான் அதை விடக் கூட. கடினத் தண்ணிய அந்த மீன் தாங்கிக்கும், அவ்வளவுதான். டாங்கன்யிகா ஏரியோட கேஹெச் 16 பக்கம், பிஹெச் 9 பக்கம். உங்க போர் கேஹெச்சுக்கு அதுதான் ரொம்பக் கிட்ட வருது.

மேட்டூர் தண்ணி மட்டும்னா உங்க கதவு இன்னும் பெருசாத் திறக்கும். ஜிஹெச் 7, கேஹெச் 6ல பண்ணையில பொரிச்ச ஏஞ்சல், நியான், கோரிடோரஸ், டைகர் பார்ப், ரோசி பார்ப், ஜீப்ரா டேனியோ, கௌராமி, ஃபைட்டர், செர்ரி இறால் எல்லாம் இருக்கும். கப்பியும் இருக்கும். கார்டினல், ரம்மிநோஸ், ப்ளூ ராம் இதுக்கெல்லாம் இன்னும் கொஞ்சம் மென்மையாக்கணும்.

கல்லு விஷயம். வினிகர் சோதனை சுண்ணாம்புக்கல்லுக்கும் சிப்பிக்கும்தான் சரி, உடனே நுரைக்கும். நம்ம ஊர் வெள்ளைக்கல் மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். குளிர்ந்த, நீர்த்த ஆசிட்ல அது நுரைக்காது. டோலமைட்டும் அப்படித்தான், நுரைச்சாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு. நுரைக்கலைன்னா ஆபத்தில்லைன்னு அர்த்தமில்ல. சரியான சோதனை: கல்லைக் கழுவிக் காயவெச்சு, ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணியில போட்டு, பக்கத்துல கல்லு போடாம இன்னொரு லிட்டர் வெச்சு, ஒரு வாரம் கழிச்சு ரெண்டுலயும் ஜிஹெச், கேஹெச் பாருங்க. வித்தியாசம் 1 டிகிரிக்குள்ள இருந்தா போர் தண்ணித் தொட்டியில வெச்சுக்கலாம். மென்மைத் தண்ணித் தொட்டின்னா எடுத்துடுங்க, ஏன்னா தண்ணி மென்மையாக ஆகக் கல்லு வேகமாக் கரையும். சேர்வராயன் மலைப் பக்கத்துக் கருங்கல் பயமில்லாம வைக்கலாம், அதுல கரையுற சுண்ணாம்பு கிடையாது.

டெட்ராபிரியன்:

மேல சொன்னதுல பெரும்பாலும் ஒத்துக்கிறேன், ஒரு இடத்துல மட்டும் மாத்துக் கருத்து. நியான் செத்ததுக்கு ஜிஹெச் 22ஐ மட்டும் காரணமாச் சொல்ல முடியாது. இப்ப கடைக்கு வர்ற நியான் பண்ணை மீன். ஜிஹெச் 10, 12 வரைக்கும் பழகிட்டா வருஷக்கணக்கா இருக்கும். உங்க மீனைக் கொன்னது தாவல்தான்னு நினைக்கிறேன். கடைத் தொட்டி டிடிஎஸ் 200ன்னு வெச்சுக்குங்க, உங்க தொட்டி 890. கவரை 15 நிமிஷம் மிதக்க விட்டா வெப்பம் மட்டும்தான் சமமாகும், உப்பு ஆகாது. மீன் உடனே சாகாது. சிறுநீரகமும் செவுளும் திணறி, நாலு நாள், எட்டு நாள் கழிச்சுத்தான் ஒண்ணொண்ணா போகும். புள்ளியோ பூஞ்சையோ இல்லாம நிறம் மங்கிப் போறது அதோட ரொம்பப் பொருந்துது.

அடுத்த தடவை கடைக்குப் போறப்ப டிடிஎஸ் மீட்டரைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போங்க. மீனைக் காட்டி விலை கேக்குறதுக்கு முன்னாடி தண்ணியக் காட்டச் சொல்லுங்க. மீன் எங்கிருந்து வந்ததுன்னும் கேளுங்க. கொளத்தூர்னு சொன்னா அலங்கார மீன் சந்தை இருக்கிற சென்னைக் கொளத்தூர்தான், நம்ம மேட்டூர் பக்கத்துக் கொளத்தூரோன்னு ஒருத்தர் கேட்டு கடைக்காரர் சிரிச்சது தனிக் கதை.

உங்க தொட்டிக்கும் கடைத் தொட்டிக்கும் டிடிஎஸ் வித்தியாசம் 150க்குள்ளன்னா கவர் முறை போதும். அதுக்கு மேலன்னா சொட்டு முறை. மீனைக் கடைத் தண்ணியோட ஒரு சின்ன பக்கெட்ல விடுங்க. ஏர் டியூப்ல ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டியில இருந்து நொடிக்கு ரெண்டு மூணு சொட்டு விழற மாதிரி விடுங்க. தண்ணி மூணு மடங்கு ஆனதும் பாதியக் கொட்டிட்டு மறுபடி மூணு மடங்கு. பக்கெட் டிடிஎஸ் தொட்டியோட 50க்குள்ள வந்ததும் வலையில எடுத்து விடுங்க, அந்தத் தண்ணிய ஊத்தாதீங்க.

இதுக்கு ஒரு விலக்கு இருக்கு. பார்சல்ல ஒரு நாளுக்கு மேல கவருக்குள்ள இருந்து வந்த மீனுக்கு இந்தச் சொட்டு முறை ஆபத்து. கவருக்குள்ள மீன் மூச்சு விட்டு பிஹெச் இறங்கியிருக்கும், அதனால சேர்ந்த அம்மோனியா விஷமில்லாத வடிவத்துல இருக்கும். திறந்த உடனே காத்து பட்டு பிஹெச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அதுல ஒரு மணி நேரம் வெச்சுச் சொட்டு விட்டா செவுள் வெந்துடும். அந்த மாதிரி மீனுக்கு முன்கூட்டியே ஒரு தனித் தொட்டிய அனுப்புறவங்க சொன்ன டிடிஎஸ்ஸுக்குத் தயார் பண்ணி வெச்சு, கவரை வெட்டி நேரா விட்டுட்டு, அப்புறம் ரெண்டு வாரத்துல மெதுவா நம்ம தண்ணிக்கு மாத்துறதுதான் நல்லது.

ஆர்ஓ கலக்குற கணக்கும் சொல்லிடறேன், சுலபம்தான். ஆர்ஓ தண்ணி ஜிஹெச் 1ன்னு வெச்சுக்கிட்டா, மேட்டூர் தண்ணியும் ஆர்ஓவும் பாதிக்குப் பாதி கலந்தா ஜிஹெச் 4, கேஹெச் 3 சொச்சம். கார்டினல், ரம்மிநோஸ், ராமுக்கு அதுவே போதும், மருந்து உப்பு எதுவும் வாங்க வேண்டாம். போர் தண்ணிய வெச்சு ஜிஹெச் 6 வேணும்னா 100 லிட்டருக்குப் போர் தண்ணி 18லருந்து 19 லிட்டர், மிச்சம் ஆர்ஓ. வாரம் 35 லிட்டர் மாத்தினா 28 லிட்டர் ஆர்ஓ எடுக்கணும். வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க மூணு லிட்டர் போல வெளிய தள்ளும். மேட்டூர் தண்ணி கைல இருக்கிறப்ப யாராவது போர் தண்ணிய ஆர்ஓ பண்ணிக் கலப்பாங்களா?

சமையலறை ஆர்ஓவுல ஒரு கண்ணி இருக்கு. குடிக்க ருசி வேணும்னு டிடிஎஸ் கண்ட்ரோலர்னு ஒரு சின்ன திருகு வெச்சு, வடிகட்டாத தண்ணிய அதுலயே கொஞ்சம் கலந்து விடுவாங்க. போர் தண்ணி போற மெஷின்ல அந்தத் திருகு பாதி திறந்திருந்தா வெளிய வர்ற டிடிஎஸ் 150, 200 காட்டும். அது ஆர்ஓ தண்ணின்னு நினைச்சுக் கணக்குப் போட்டா எல்லாம் தப்பாப் போகும். திருகை முழுசா மூடி, முதல் ரெண்டு லிட்டரைக் கொட்டிட்டு அளந்து பாருங்க.

சூரமங்கலம்_ரெண்டாவது மாடி:

நடுவுல நுழையுறேன், மன்னிக்கணும். எங்க அபார்ட்மெண்ட்ல மொத்தத்துக்கும் ஒரு சாஃப்ட்னர் போட்டிருக்காங்க. மாசா மாசம் உப்பு மூட்டை இறக்குறாங்க. குழாய்ல வெள்ளையாப் படியுறது நின்னு போச்சு. கிட்ல பார்த்தா ஜிஹெச் 1 தான். அப்போ டிஸ்கஸ் வைக்கலாம்தானே?

சொட்டுக்கணக்கு:

வைக்காதீங்க. கேஹெச்சும் டிடிஎஸ்ஸும் பாருங்க முதல்ல. சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தைப் பிடிச்சுக்கிட்டு அதுக்குப் பதிலா சோடியத்தை விடும். உப்பு மூட்டை அதுக்குத்தான். தண்ணியில இருக்கிற மொத்த உப்பு குறையவே குறையாது. போர் டிடிஎஸ் 1100 இருந்தா சாஃப்ட்னருக்கு அப்புறமும் 1100 தான், கேஹெச் 17 இருந்தா அதே 17 தான், பிஹெச்சும் 8க்கு மேலதான். டெட்ரா, டிஸ்கஸ் கேக்குற மென்மைத் தண்ணி எல்லா உப்பும் குறைஞ்ச தண்ணி. உங்களுது சோடா உப்புத் தண்ணி. ஜிஹெச் 1, கேஹெச் 17ன்னு கிட் காட்டினா அதுக்கு அர்த்தம் இதுதான்.

மொல்லி, கப்பிக்கும் இது ஆகாது, அதுகளுக்குக் கால்சியம் வேணும். நத்தையோட ஓடு வெளுத்துக் குழி விழும். மீன் தொட்டிக்குன்னு சாஃப்ட்னருக்கு முன்னாடி இருக்கிற லைன்ல ஒரு குழாய் கேட்டு வாங்குங்க. தோட்டத்துக் குழாய்க்குப் பெரும்பாலும் சாஃப்ட்னர் லைன் கொடுக்க மாட்டாங்க, அங்க பிடிச்சு அளந்து பாருங்க. சாஃப்ட்னர் தண்ணிய ஆர்ஓ மெஷின்ல விட்டு வர்ற தண்ணி தாராளமா உபயோகப்படும், மெஷினுக்குள்ள உப்பை வடிகட்டுற மெம்பரேனும் நாள்பட உழைக்கும்.

சேர்வராயன்_ஈரக்காத்து:

நான் மேல, ஏற்காட்ல. நீங்க எல்லாம் கீழ உப்போட மல்லுக்கட்டுறீங்க, இங்க உப்பு இல்லாததுதான் தொல்லை. எங்க ஊத்துத் தண்ணி ஜிஹெச் 2, கேஹெச் 1, டிடிஎஸ் 45. பாறை எல்லாம் சார்னோகைட்ங்கிற கருங்கல் வகை, மழைத் தண்ணி அதுக்குள்ள இறங்கி வந்தாலும் சுண்ணாம்பு சேராது. கேக்கிறதுக்கு நியான் சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனா சொட்டுக்கணக்கு சொன்ன அந்த 11 பிபிஎம் கணக்கை இங்க போட்டுப் பாருங்க. கேஹெச் 1ன்னா நைட்ரேட் 11 ஏறினதும் கேஹெச் பூஜ்யம். அதுக்கப்புறம் பிஹெச் 6க்குக் கீழ சறுக்கும், ஃபில்டர் பாக்டீரியா மந்தமாயிடும், அம்மோனியா சேர ஆரம்பிக்கும். பிஹெச் கம்மியா இருக்கிற வரைக்கும் அந்த அம்மோனியா விஷமில்ல, மீனும் சும்மா இருக்கும். பதறிப்போய் ஒரே நாள்ல பாதித் தண்ணிய மாத்தினா, இல்ல சோடா உப்பைக் கரைச்சு ஊத்தினா, பிஹெச் ஏறி அத்தனையும் விஷமாகும். காலைல தொட்டி முழுக்க மிதக்கும். நோய் வந்துடுச்சுன்னு மருந்து ஊத்துவாங்க, அதுல காப்பர் இருந்தா இன்னும் மோசம், மென்மைத் தண்ணியில காப்பரோட விஷம் பல மடங்கு.

மலைத் தண்ணிக்கு வழி: கேஹெச் 3லருந்து 4க்குள்ள வெச்சுக்குங்க, நியானுக்கும் அது கெடுதல் இல்ல. 100 லிட்டருக்கு சமையல் சோடா, பேக்கிங் பவுடர் இல்ல, சோடா மட்டும், 3 கிராம் போட்டா கேஹெச் 1 ஏறும். மாத்தப் போற புதுத் தண்ணியில கரைச்சு ஊத்துங்க, தொட்டியில நேரா போடாதீங்க. இல்லைன்னா உடைச்ச சிப்பி ஓடு ரெண்டு கைப்பிடி வலைப்பையில போட்டு ஃபில்டருக்குள்ள வைங்க. தண்ணி புளிக்கப் புளிக்கக் கரையும், 7.5 பக்கம் வந்தா தானா நின்னுக்கும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா பையைத் திறந்து பாருங்க, மேல பழுப்பாக் கசடு ஏறினா கரையாது, கழுவணும்.

இங்கயே கப்பி, பிளாட்டி வேணும்னு கேக்கிறவங்களுக்கு ஒரு அளவு. 100 லிட்டர் மலைத் தண்ணிக்கு கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 13 கிராம், எப்சம் உப்பு 13 கிராம், சமையல் சோடா 12 கிராம். ஜிஹெச் 2லருந்து 10க்கும், கேஹெச் 1லருந்து 5க்கும் வரும். மூணையும் தனித்தனி டம்ளர்ல கரைங்க. கால்சியத்தையும் சோடாவையும் கெட்டியா ஒண்ணாக் கரைச்சா பால் மாதிரி திரிஞ்சு சுண்ணாம்பா அடியில உக்காந்துடும், தண்ணியில ஏறாது. கால்சியம் குளோரைடு கரையும்போது சூடாகும், அதுவும் கவனம்.

மழைத் தண்ணி பிடிக்கிறவங்களுக்கு: துத்தநாகம் பூசின தகரக் கூரைத் தண்ணி வேண்டாம். மென்மையான தண்ணியில துத்தநாகம் கரைஞ்சு இறங்கும், மீனுக்கு நேரடி விஷம். ஓட்டுக் கூரை, காங்கிரீட் மாடி பரவாயில்ல, முதல் மழையை விட்டுடுங்க.

வெப்பத்தையும் மறந்துடாதீங்க. மார்கழி தை ராத்திரியில ஹீட்டர் இல்லாத தொட்டி 17, 18க்கு வந்துடும். தண்ணி ராமுக்கு ஒத்து வந்தாலும் குளிர் ஒத்து வராது, அதுக்கு 27க்கு மேல வேணும். ஹீட்டர் இல்லாம வைக்கிறதா இருந்தா ரோசி பார்ப், ஜீப்ரா டேனியோ, வைட் கிளவுட், நல்ல நீரோட்டம் கொடுத்தா மிஸ் கேரளா. கீழ சேலத்துல சித்திரை வெயில்ல வைட் கிளவுட் வெச்சா அதுவும் தப்புதான்.

அம்மாபேட்டை_மூணடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மேட்டூர் தண்ணி மட்டும்னு முடிவு பண்ணிட்டேன். சம்புக்குப் போறதுக்கு முன்னாடி தெருக்குழாய்லயே டிரம்ல பிடிச்சுக்கலாம். எத்தனை லிட்டர் டிரம் வேணும்? இருக்கிற 22ஐ எப்படி இறக்குறது? நியானும் ஏஞ்சலும் சேர்த்து வைக்கலாமா? குளோரினுக்கு ஹைப்போ போடச் சொல்றாங்க, அதோட அளவு?

சொட்டுக்கணக்கு:

வாரம் கால்வாசி மாத்தினா 35 லிட்டர், ஆவியாகுறதுக்கு 7 லிட்டர். 100 லிட்டர் மூடி போட்ட நீல டிரம் ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு வரும். வெயில் படாத இடத்துல வைங்க. குறையுற 7 லிட்டருக்கு ஆர்ஓ ஊத்த முடிஞ்சா ரொம்ப நல்லது, ஜிஹெச் அசையாம 7லயே நிக்கும். மேட்டூர் தண்ணியே ஊத்தினா 8 பக்கம் போய் நின்னுக்கும், அதுவும் சரிதான். பழையபடி போர் தண்ணி ஊத்தினா வாராவாரம் மாத்தியும் 11க்குக் கீழ வராது.

இறக்குறது அவசரப்படாதீங்க, உள்ள நாலு நியானும் குட்டிக் கப்பியும் இருக்கு. மூணு நாளைக்கு ஒருக்கா 28 லிட்டர், அதாவது அஞ்சுல ஒரு பங்கு. 22லருந்து 19, அப்புறம் 16.6, 14.7ன்னு வந்து எட்டாவது தடவையில 9.5 ஆகும். மூணரை வாரம். அதோட நைட்ரேட்டும் இறங்கிடும். அதுக்கப்புறம் வாராந்திரக் கால்வாசி மாத்தமே மிச்சத்தை இறக்கிக்கும். வெள்ளைக்கல்லை முதல் நாளே எடுத்துடுங்க. ஜிஹெச் 10க்கு வர்ற வரைக்கும் புது மீன் வாங்காதீங்க.

டிரம்மை ஒவ்வொரு தடவை நிரப்பினதும் டிடிஎஸ் பாருங்க. 260 காட்டுற குழாய் ஒரு நாள் 500 காட்டினா உள்ளூர் போர் தண்ணி கலந்து விட்டிருக்காங்கன்னு அர்த்தம், அன்னிக்கு ஜிஹெச் பார்த்துட்டு ஊத்துங்க. டிடிஎஸ்ஸை வெச்சு ஜிஹெச் கணக்குப் போட முடியாது, ஆனா ஒரே குழாயில ஏதோ மாறிடுச்சுன்னு சொல்ல அது போதும். ஜிஹெச் 20க்கு மேல இருக்கிற தண்ணிய அளக்கிறப்ப ஆர்ஓ தண்ணி பாதி கலந்து சொட்டை எண்ணி ரெண்டால பெருக்குங்க, நிறம் மாறுற இடம் தெளிவாத் தெரியும். மென்மைத் தண்ணின்னா 5 மில்லிக்குப் பதில் 10 மில்லி எடுங்க, ஒரு சொட்டு அரை டிகிரி.

குடிநீர் வடிகால் வாரிய லேப்ல கொடுத்து வாங்கின ரிப்போர்ட் யார்கிட்டயாவது இருந்தா, மொத்தக் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் 17.85ஆல் வகுங்க, ஜிஹெச்சும் கேஹெச்சும் வந்துடும். கால்சியம், மக்னீசியம் தனித்தனியாக் கொடுத்திருந்தா கால்சியத்தை 2.5ஆலயும் மக்னீசியத்தை 4.1ஆலயும் பெருக்கிக் கூட்டுங்க. கால்சியம் 60, மக்னீசியம் 70 இருந்தா 150ம் 287ம், கூட்டினா 437, ஜிஹெச் 24.5. வெள்ளைக்கல் பூமியில போர் போட்டவங்க இதைப் பிரிச்சுப் பாக்கிறது நல்லது. சொட்டு கிட் ரெண்டையும் சேர்த்துத்தான் காட்டும். ஜிஹெச் 25 இருந்தும் நத்தை ஓடு தேயுது, செடியோட புது இலை சுருண்டு வருதுன்னா அதுல பெரும்பங்கு மக்னீசியமா இருக்கும், கால்சியம் போதலை.

நியானும் ஏஞ்சலும்: தண்ணி ரெண்டுக்கும் ஒத்து வரும், வாய் ஒத்து வராது. ஏஞ்சல் வளர்ந்ததும் நியானைத் தின்னுடும், கப்பிக் குட்டியும் மிஞ்சாது. ஏஞ்சல் வேணும்னா கோரிடோரஸ் கூட வைங்க. டைகர் பார்ப் வேண்டாம், துடுப்பைக் கடிக்கும். நியான் வேணும்னா ஏஞ்சலை விட்டுட்டு கோரிடோரஸ் ஆறு சேருங்க. நியானை முட்டை போட வைக்கிற எண்ணம் இருந்தா மட்டும் தனித் தொட்டியும் ஆர்ஓவும் வேணும். இந்த ஜிஹெச்சுல மீன் வாழும், முட்டை பெரும்பாலும் பொரியாது.

ஹைப்போ: சோடியம் தயோசல்பேட்னு பேர் சொல்லிப் படிகமா வாங்குங்க. ஆஸ்பத்திரி, கிளீனிங் சாமான் விக்கிற இடத்துல ஹைப்போன்னு மொட்டையாக் கேட்டா சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தைக் கொடுத்துடுவாங்க, அது குளோரினே தான், தொட்டி அன்னிக்கே காலி. 10 கிராம் படிகத்தை 100 மில்லி ஆர்ஓ தண்ணியில கரைச்சு வெச்சுக்குங்க. 10 லிட்டருக்கு 1 மில்லி, 28 லிட்டருக்கு 3 மில்லி. தண்ணியில ப்ளீச்சிங் பவுடர் வாடை தூக்கலா அடிக்கிற அன்னிக்கு ரெண்டு மடங்கு போடலாம், அதனால மீனுக்கு ஒண்ணும் ஆகாது.